அமெரிக்க அதிபர் விவாதம்: மூணாவது ஆளுக்கு மைக் ஏன் கிடையாது?

மலர்_எடிசன் (இழையைத் தொடங்கியவர்)

2024 தேர்தல் சமயத்துல நடந்தது, இப்பத்தான் எழுத நேரம் கிடைச்சுது. தபால் ஓட்டுச்சீட்டு வந்திருந்துச்சு. பையனுக்கு அது முதல் ஓட்டு. சாப்பாட்டு மேசையில தட்டையெல்லாம் ஓரமா தள்ளிட்டு, சீட்டை விரிச்சு வச்சு ஒவ்வொரு பேரா படிச்சான். கமலா ஹாரிஸ், டிரம்ப்... அதுக்கப்புறமும் பேர் போய்க்கிட்டே இருக்கு. ஜில் ஸ்டைன், சேஸ் ஆலிவர், இன்னும் யார் யாரோ. "அம்மா, இவங்கள்லாம் யாரு? டிவி விவாதத்துல வரவே இல்லையே?"ன்னான். வரலைடான்னேன். "சீட்டுல பேர் இருக்குல்ல, அப்புறம் ஏன் வரல?"ன்னான். சாம்பார் ஆறுது, முதல்ல சாப்பிடுன்னு சமாளிச்சுட்டேன்.

இத்தனை வருஷமா இந்த ஊர்ல ஓட்டுப் போடுறேன், எனக்கே பதில் தெரியல. விவாதத்துல நிக்க 15 சதவீத ஆதரவு வேணும்னு ஏதோ கணக்கு இருக்காமே, அது சட்டமா? யாரு போட்டது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குறுக்குக்கேள்வி

இதுல என்ன பெரிய மர்மம்? நூத்துக்குப் பதினஞ்சு பேர்கூட ஆதரிக்காத ஆளை எதுக்கு மேடையில ஏத்தணும்? சும்மா மனு போட்டவங்க எல்லாரையும் கூப்பிட்டா அது விவாதம் இல்ல, பந்தி.

கணக்கு_வாத்தியார்

மலர், அது சட்டம் இல்லை. ஒரு தனியார் அமைப்பு வகுத்துக்கொண்ட விதி. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்று பார்த்தால் அது உண்மையில் சின்னக் கட்சிகளின் பக்கம்தான் இருந்தது. 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒரு வேட்பாளருக்கு வானொலி நிலையம் நேரம் கொடுத்தால், அதே பதவிக்கு நிற்கும் மற்றவர்களுக்கும் சம வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பிறகு டிவிக்கும் அதுவே. சிகாகோவில் லார் டேலி என்றொருவர் இருந்தார். எந்தத் தேர்தல் வந்தாலும் நிற்பார், அதுவும் 'அங்கிள் சாம்' வேஷம் கட்டிக்கொண்டு. நம்மூரில் எல்லாத் தேர்தலிலும் விதவிதமான கோலத்தில் வந்து மனுத்தாக்கல் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த ரகம். 1959இல், தன்னோடு போட்டியிட்ட மேயர் ரிச்சர்ட் டேலியைச் செய்தியில் காட்டினீர்கள், எனக்கும் நேரம் கொடுங்கள் என்று கேட்டார். ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது! தொலைக்காட்சிக்காரர்கள் அலற, நாடாளுமன்றம் அதே வருஷம் செய்திகளுக்கு விலக்களித்துச் சட்டத்தைத் திருத்தியது.

1960இல் கென்னடியும் நிக்சனும் விவாதிக்க வேண்டும் என்றபோது, அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் சம நேர விதியை நாடாளுமன்றமே நிறுத்திவைத்தது. அதனால்தான் அந்த நான்கு விவாதங்கள் நடந்தன. அடுத்த மூன்று தேர்தல்களில் விவாதமே கிடையாது. 1975இல் எஃப்சிசி ஒரு வழி கண்டுபிடித்தது: டிவி நிறுவனம் நடத்தாமல் வெளியார் யாராவது நடத்தினால் அது 'செய்தி நிகழ்ச்சி', அதற்குச் சம நேரம் தேவையில்லை. இப்படித்தான் 1976இல் பெண் வாக்காளர் கழகம் என்ற கட்சி சாராத அமைப்பு நடத்துநராக உள்ளே வந்தது. அந்த வருஷம் சுயேச்சையாக நின்ற யூஜின் மெக்கார்த்தி தன்னையும் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார். பலிக்கவில்லை.

அந்த 1976 விவாதத்தில்தான் பிலடெல்ஃபியா மேடையில் ஒலி போய்விட்டது. 27 நிமிஷம். ஃபோர்டும் கார்ட்டரும் அவரவர் பேச்சு மேசைக்குப் பின்னால் நின்றபடியே நின்றார்கள். கோடிக்கணக்கான பேர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கார்த்தியை உள்ளே விட்டிருந்தால் அந்த நேரத்தில் ஒலிபெருக்கி இல்லாமலேயே பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

குறுக்குக்கேள்வி

வாத்தியாரே, கதை நல்லாருக்கு. ஆனா 15க்கு இன்னும் வரலியே.

கணக்கு_வாத்தியார்

வருகிறேன். 15ஐ முதலில் வைத்ததே அந்தப் பெண் வாக்காளர் கழகம்தான், 1980இல். குடியரசுக் கட்சி எம்.பி.யாக இருந்த ஜான் ஆண்டர்சன் அந்த முறை சுயேச்சை. செப்டம்பரில் 15ஐத் தொட்டார், பால்டிமோர் விவாதத்துக்கு அழைப்பு வந்தது. உடனே கார்ட்டர் வரமாட்டேன் என்றார். ரீகனும் ஆண்டர்சனும் மட்டும் பேசினார்கள். அக்டோபரில் ஆண்டர்சனின் கணக்கு 15க்குக் கீழே இறங்கியதும் அவரை வெளியே விட்டுவிட்டு, கிளீவ்லாந்தில் கார்ட்டர்-ரீகன் விவாதம். அதை 8 கோடிப் பேர் பார்த்தார்கள்.

அன்றைக்கு சிஎன்என் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். வாஷிங்டனில் வேறொரு மேடையில் ஆண்டர்சனை நிறுத்தி, அதே கேள்விகளை அவரிடமும் கேட்டு, அவர் பதிலை நடுநடுவே ஒட்டி ஒளிபரப்பினார்கள். நாடா தாமதம், தொழில்நுட்பக் கோளாறு என்று தடுமாற்றம்தான். ஆனால் மூன்றாவது ஆளை வெட்டி ஒட்டித்தான் திரைக்குக் கொண்டுவர முடிந்தது என்பதே ஒரு படிமம் மாதிரி இல்லையா? அவர் கடைசியில் 6.6 சதவீதம் வாங்கினார்.

1987இல்தான் திருப்பம். இரண்டு கட்சிகளின் தேசியத் தலைவர்களும், ஜனநாயகக் கட்சியின் பால் கிர்க்கும் குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் ஃபாரன்காஃபும் சேர்ந்து, 'அதிபர் விவாத ஆணையம்' என்று ஒன்றை நிறுவினார்கள். பெயரைக் கேட்டால் அரசாங்க ஆணையம் போலிருக்கும். அரசுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த வருஷம், கேமரா எங்கே இருக்க வேண்டும், கூட்டத்தில் யார் உட்கார வேண்டும், கேள்வி கேட்பவர் யார் என்று எல்லாவற்றையும் அந்தத் தேர்தலின் வேட்பாளர்களான புஷ், டுகாகிஸின் ஆட்களே பேசி முடித்து ஒப்பந்தத்தை நீட்டியதும், பெண் வாக்காளர் கழகம் இது வாக்காளரை ஏமாற்றும் வேலை என்று சொல்லி விலகியது. அக்டோபர் 3, 1988. அதன்பிறகு கடை முழுக்க ஆணையத்தின் கையில்.

ஆகப் போட்டியாளர்கள் இருவர். மைதானம் அவர்களுடையது, நடுவரும் அவர்கள் வீட்டு ஆள். மூன்றாமவருக்கு நுழைவுச்சீட்டு அச்சடிப்பதும் அவர்களே.

பழைய_ரேடியோ

ஒரே ஒரு தடவை மூணு பேர் நின்னாங்கய்யா. 1992. நான் அப்ப மிச்சிகன்ல ஈஸ்ட் லான்சிங்ல படிச்சிட்டிருந்தேன். கடைசி விவாதம் எங்க பல்கலைக்கழகத்துலயேதான், அக்டோபர் 19. உள்ளே போக நமக்கெங்க சீட்டு. விடுதிக் கூடத்துல இருந்த டப்பா டிவி முன்னாடி நாப்பது அம்பது பேர், பாதிப் பேர் தரையில. ஜன்னலைத் திறந்தா ஹெலிகாப்டர் சத்தம், டிவியில அதே கட்டடம். விசித்திரமா இருந்துச்சு.

எங்க விடுதிச் சமையலறையில வேலை பார்த்த ஒரு பெரியவர், ஏப்ரனைக்கூடக் கழட்டாம கதவுல சாஞ்சு நின்னு பார்த்தார். மூணாவது ஆளா நின்ன சுயேச்சை ராஸ் பெரோ பேசுறப்ப மட்டும் பசங்க சிரிப்பாங்க. அந்த டெக்சஸ் இழுவை, அந்தக் காது. ஆனா அந்த மனுஷர் சிரிக்கல. கடன், பற்றாக்குறைன்னு பெரோ சொல்றப்பல்லாம் தலையாட்டிக்கிட்டே இருந்தார். முதல் விவாதத்துல புஷ் அனுபவம் அனுபவம்னு பேசினப்ப, நாலு டிரில்லியன் டாலர் கடன் வாங்கின அனுபவம் எனக்கில்லதான்னு பெரோ போட்டார் பாருங்க ஒரு போடு, அதை ரெண்டு வாரத்துக்கு பஸ்ல, கேன்டீன்ல எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.

பட்ஜெட் பற்றாக்குறையை அமெரிக்காக்காரன் டீக்கடைப் பேச்சு மாதிரிப் பேசினதை நான் பார்த்தது அந்த ஒரு மாசம்தான்.

கணக்கு_வாத்தியார்

ரேடியோ ஐயா சொன்னதில் ஒரு முக்கியமான கணக்கு ஒளிந்திருக்கிறது. விவாதங்களுக்கு முன்னால் பெரோவுக்குக் கருத்துக்கணிப்பில் 10 சதவீதம்கூட இல்லை. ஜூலையில் விலகி, அக்டோபர் 1ஆம் தேதிதான் திரும்ப வந்திருந்தார். பிறகு வந்த 15 விதி அன்று இருந்திருந்தால் அவர் வாசலோடு சரி. மூன்று விவாதத்திலும் நின்றார், கடைசியில் 18.9 சதவீதம், கிட்டத்தட்ட 2 கோடி ஓட்டு.

நான்கு வருஷம் கழித்து, 1996இல் ஆணையம் அவருக்கு ஜெயிக்கும் 'யதார்த்தமான வாய்ப்பு' இல்லை என்று கதவைச் சாத்தியது. போன தேர்தலில் வாங்கிய ஓட்டுக்காக அரசு அவருக்குக் கோடிக்கணக்கான டாலர் பிரசார நிதி கொடுத்திருந்தது, அதாவது வரிப்பணம் போகலாம், ஆள் போகக்கூடாது. பார்வையாளர் எண்ணிக்கையையும் பாருங்கள்: 1992இல் ஒவ்வொரு அதிபர் விவாதத்துக்கும் 6 கோடிக்கு மேல். 1996இல் முதலாவதுக்கு 4.6 கோடி, இரண்டாவதுக்கு 3.6 கோடி.

15 என்ற விதியை ஆணையம் எழுத்தில் வைத்தது 2000க்கு. ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரி 15, அத்தோடு, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளான தேர்வாளர்களில் ஜெயிக்கத் தேவையான 270 பேரைத் தொடும் அளவுக்கு மாநிலங்களில் ஓட்டுச்சீட்டில் பெயர்.

குறுக்குக்கேள்வி

சரி, பெரோ. அவர் கோடீஸ்வரர், சொந்தக் காசுல அரை மணி நேர விளம்பரம் வாங்கி வரைபடம் காட்டினவர். அவரை வச்சு எல்லாருக்கும் விதி எழுத முடியுமா? அதே 1992ல அவரோட துணை அதிபர் வேட்பாளர் ஸ்டாக்டேல் என்ன ஆனார்? வியட்நாம்ல ஏழு வருஷத்துக்கு மேல சிறையில கிடந்த வீரர், படிச்ச மனுஷர். மேடைக்கு வந்து 'நான் யார், ஏன் இங்க இருக்கேன்'னு ஆரம்பிச்சார். காது கருவியை அணைச்சு வச்சிருந்தேன், கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கன்னார். நாடே சிரிச்சுது. 2016ல லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் கேரி ஜான்சன், சிரியாவுல போர் நடந்த நகரமான அலெப்போவைப் பத்திக் கேட்டா, அலெப்போன்னா என்னன்னு டிவியில திருப்பிக் கேட்டாரே, மறந்துட்டீங்களா? மேடை கிடைச்சா சின்னக் கட்சி வளரும்ங்கிறது பாதி உண்மை. மேடை ஆளை அம்பலப்படுத்தவும் செய்யும்.

பழைய_ரேடியோ

தம்பி, அம்பலமாகட்டுமே. அதுக்குத்தானே விவாதம். 2024 ஜூன்ல அட்லாண்டாவுல நடந்த பைடன்-டிரம்ப் விவாதத்துல அம்பலமானது சின்னக் கட்சி ஆளா? நாலு வாரத்துல பைடன் போட்டியிலேருந்தே விலகிட்டாரு.

மலர்_எடிசன்

😄 ரேடியோ சார்.

ஆனா குறுக்குக்கேள்வி கேட்டதுல நியாயம் இருக்குல்ல? எல்லாரையும் கூப்பிட்டா இருபது பேர் வந்து நிப்பாங்களே?

கணக்கு_வாத்தியார்

அந்த 270 நிபந்தனையே போதும் வடிகட்ட. 2016இல் அதைத் தாண்டியவர்கள் மொத்தம் நான்கு பேர்: கிளின்டன், டிரம்ப், ஜான்சன், ஸ்டைன். ஜான்சன் பெயர் ஐம்பது மாநிலத்திலும் இருந்தது. நான்கு பேர் நின்றால் மேடை இடிந்துவிடுமா? அதே தேர்தலில் குடியரசுக் கட்சி தன் உள்கட்சி விவாதத்தில் 17 பேரை வைத்துக்கொண்டு, பத்துப் பேர் ஒரு மேடை, ஏழு பேர் இன்னொரு மேடை என்று நடத்தவில்லையா?

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். 2023இல் நம்ம பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன் விவேக் ராமசாமி மில்வாக்கி உள்கட்சி விவாத மேடையில் எப்படி ஏறினார்? குடியரசுக் கட்சியின் விதி: கருத்துக்கணிப்பில் 1 சதவீதம், நன்கொடையாளர் 40,000 பேர். எட்டுப் பேர் நின்றார்கள். அன்றிரவுக்குப் பிறகுதான் அவர் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. வீட்டு ஆளுக்கு 1, வெளியாளுக்கு 15. இதற்கு யாராவது நியாயம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

குறுக்குக்கேள்வி

நியாயம் நான் சொல்றேன். உள்கட்சி விவாதம் ஆரம்பச் சுற்று, அதுல கூட்டம் இருக்கலாம். இது இறுதிப் போட்டி. ஒலிம்பிக் தகுதிச் சுற்றுல அறுபது பேர் ஓடுவான், ஃபைனல்ல எட்டு பேர்தான்.

கணக்கு_வாத்தியார்

ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றை எல்லோரும் ஒரே தடத்தில் ஓடுகிறார்கள். இங்கே மூன்றாமவருக்குத் தகுதிச் சுற்றே டிவியில் இல்லை. டிவியில் வந்தால் 15 வரும், 15 வந்தால் டிவியில் வரலாம். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

மின்னசோட்டாவைப் பாருங்கள். 1998 ஆளுநர் தேர்தல். மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்ச்சுராவுக்குச் செப்டம்பரில் 10 சதவீதம் சுற்றித்தான். இரண்டு பெரிய கட்சிக்காரர்களோடு சேர்த்து விவாதங்களுக்குக் கூப்பிட்டார்கள். நவம்பரில் 37 வாங்கி ஜெயித்தே விட்டார்.

ஸ்கார்பரோ_சிவா

வாத்தியார், நீங்கள் சொல்லுறது சரி, ஆனா பூட்டு வேற இடத்தில இருக்கு எண்டு நான் நினைக்கிறன்.

2000 புளோரிடாவை எடுங்கோ. புஷ்ஷுக்கும் கோருக்கும் 537 வாக்கு வித்தியாசம். பசுமைக் கட்சி வேட்பாளர் நேடர் அங்க எடுத்தது 97,488. கோரின்ரை வாக்கைப் பிரிச்சுப்போட்டார் எண்டு இருபத்தைஞ்சு வருசமா ஜனநாயகக் கட்சிக்காரர் நேடரைத் திட்டித் தீர்க்கினம். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும், மேடையில மூண்டாம் ஆளை ஏத்தினாலும் சனம் வாக்குப் போடப் பயப்பிடும். வாக்கு வீணாப் போகும், பிடிக்காதவன் வந்திடுவான் எண்டு.

எங்கட இலங்கையில ஜனாதிபதித் தேர்தலில 1, 2, 3 எண்டு விருப்பு வாக்குப் போடலாம். 2019 இல 35 பேர் நிண்டவை. 2024 இல முதல்முறையா ஒருத்தருக்கும் 50 வராமல் இரண்டாம் எண்ணிக்கைக்குப் போச்சு. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல விழுந்தது. அவருக்கு 1 போட்டவையும் விரும்பினால் 2 எண்டு இன்னொருத்தருக்குப் போட்டிருக்கலாம். அங்க சனம் பெரிசா அதைப் பாவிக்கிறேல்லை, அது வேற கதை. அமெரிக்காவில மேய்ன் மாநிலம் 2020 இல இருந்து அதிபர் தேர்தலுக்கு இப்பிடித்தான் எண்ணுது. முதல்ல இது வரட்டும், மேடை தானா வரும்.

இன்னுமொண்டு. கனடாவில விவாதத்துக்கு 2018 இல அரசாங்கமே தனி ஆணைக்குழு போட்டது. கட்சிகளின்ரை கையில விடேல்லை. 2025 விதிப்படி மூண்டில இரண்டு நிபந்தனை போதும்: நாடாளுமன்றத்தில ஒரு ஆள், 4 சதவீத ஆதரவு, 90 சதவீதத் தொகுதிகளில வேட்பாளர். 15 இல்லை, 4! அப்பிடி இருந்தும் பசுமைக் கட்சி வேட்பாளர் எண்ணிக்கையில குறைஞ்சு போச்செண்டு விவாத நாளண்டு காலமை வெளியில போட்டவை. எங்கட வீட்டில அண்டைக்கு மனிசிக்கும் எனக்கும் சண்டை. விதி விதிதான் எண்டு அவ, விடிஞ்சாப்பிறகோ சொல்லுறது எண்டு நான்.

கணக்கு_வாத்தியார்

சிவா, ஒப்புக்கொள்கிறேன், பாதி. எண்ணும் முறை மாறாமல் மேடை மட்டும் மாறினால் பெரோவுக்கு நடந்ததுதான் நடக்கும். 2 கோடி ஓட்டு, தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. ஆனால் 'முதலில் அது வரட்டும்' என்றால், அதைப் பற்றிப் பேசக்கூடிய ஆள் யார்? பெரிய கட்சிகள் இரண்டும் விவாத மேடையில் அந்தப் பேச்சை எடுக்கப்போவதில்லை.

குறுக்குக்கேள்வி

நீதிமன்றம் போகலாமே? அவ்ளோ அநியாயம்னா?

கணக்கு_வாத்தியார்

போகாமலா? 1998இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அர்க்கன்சாஸ் பொதுத் தொலைக்காட்சி, நாடாளுமன்றத் தொகுதி விவாதம் ஒன்றில் ரால்ஃப் ஃபோர்ப்ஸ் என்ற சுயேச்சையைச் சேர்க்கவில்லை. கருத்துக்காக ஒதுக்காமல், ஆதரவு இல்லை என்று நியாயமான முறையில் ஒதுக்கினால் தப்பில்லை என்று 6-3 தீர்ப்பு. அரசு டிவிக்கே அப்படியென்றால் தனியார் ஆணையத்தை யார் கேட்பது?

அடுத்து மத்தியத் தேர்தல் ஆணையம். அவர்கள் விதியில் ஒரு வாசகம் இருக்கிறது: விவாதம் நடத்துபவர் முன்கூட்டியே வகுத்த புறவயமான அளவுகோலை வைக்க வேண்டும், குறிப்பிட்ட கட்சியின் வேட்பாளர் என்பது மட்டுமே அளவுகோலாக இருக்கக்கூடாது. விவாத ஆணையத்தின் 15 இதை மீறுகிறது என்று புகார் போட்டார்கள், தேர்தல் ஆணையம் தள்ளியது. 2017இல் நீதிபதி தான்யா சட்கன், ஆணையம் புகாரை ஒழுங்காகப் பரிசீலிக்கவில்லை, திரும்பப் பாருங்கள் என்றார். ஆணையம் திரும்பப் பார்த்து அதே பதிலைச் சொன்னது. 2019இல் அதே நீதிபதி ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தேர்தல் ஆணையத்தில் ஆறு இடம். ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். பல காலம் நடைமுறையில் இரண்டு கட்சிக்கும் மூன்றும் மூன்றும்தான் இருந்தது.

பழைய_ரேடியோ

வழக்கை விடுங்க, வாசல்லயே நடந்ததைச் சொல்லுங்க. 2000ல பாஸ்டன்ல நேடர் கையில சீட்டு வச்சிருந்தார். மேடையில ஏற இல்ல, பக்கத்து அரங்கத்துல திரையில பார்க்கிறதுக்கு. அதுக்கே போலீஸை வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. 2004ல செயின்ட் லூயிஸ்ல லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் பாட்னரிக்கும் பசுமைக் கட்சி வேட்பாளர் காப்பும் ஆணையத்துகிட்ட நீதிமன்ற உத்தரவைக் கொடுக்கணும்னு போலீஸ் வரிசையைத் தாண்டப் போய், ரெண்டு பேரும் கைது. 2012ல நியூயார்க் பக்கம் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்துல ஜில் ஸ்டைனையும் அவங்க துணை வேட்பாளரையும் பிடிச்சு, நாற்காலியோட விலங்கு மாட்டி, எட்டு மணி நேரம் போல உட்கார வச்சிருந்தாங்க. அங்க ஒபாமாவும் ராம்னியும் பேசி முடிச்சு, வீட்டுக்குப் போன பிறகுதான் விட்டாங்க.

மலர் அம்மா, உங்க பையன் சீட்டுல படிச்சானே ஜில் ஸ்டைன், அதே அம்மாதான்.

மலர்_எடிசன்

அடப்பாவமே. விலங்கா? இதை அவன்கிட்ட சொல்லியே ஆகணும்.

நெறியாளர்

2024 டிரம்ப்/ஹாரிஸ் சண்டைக்குத் தனி இழை இருக்கு. இங்க நடந்த மூணு பதிவை அங்க நகர்த்தியிருக்கேன். தலைப்பை விட்டு நகராம பேசுங்க.

குறுக்குக்கேள்வி

சரி, தலைப்புக்குள்ளயே கேக்கிறேன். 2024ல இந்த ஆணையமே செத்துப்போச்சே? குடியரசுக் கட்சி 2022லயே விலகிடுச்சு. பைடன், டிரம்ப் ரெண்டு பேரும் நேரா சிஎன்என், ஏபிசின்னு போயிட்டாங்க. அப்ப உங்க 'ரெண்டு கட்சி வச்ச பூட்டு' எங்க போச்சு?

கணக்கு_வாத்தியார்

பூட்டைக் கழற்றி அடுத்த கதவில் மாட்டினார்கள், அவ்வளவுதான். சிஎன்என் வைத்த விதி என்ன? நான்கு கருத்துக்கணிப்பில் 15, 270க்குப் போதுமான மாநிலங்களில் ஓட்டுச்சீட்டு. சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் மூன்று கணிப்பில் 15 தொட்டிருந்தார். மாநில வாரியாகப் பெயர் பதிவு பாதிகூட முடியவில்லை. ஜூன் 27க்கு விவாதம் வைத்தால் ஒரு சுயேச்சைக்கு அதற்குள் முடிப்பது கஷ்டம். கையெழுத்துச் சேகரிக்கும் கெடு பல மாநிலங்களில் ஆகஸ்ட் வரை இருக்கிறது. டிரம்ப்பும் பைடனும் அதற்குள் கட்சி மாநாட்டில் அறிவிக்கப்படவே இல்லை, ஆனால் 'கட்சி வேட்பாளர்' என்ற கணக்கில் அவர்களுக்கு இடம் உண்டு. கென்னடி அன்றிரவு தனியாக ஒரு மேடை போட்டு, அதே கேள்விகளுக்குத் தானும் பதில் சொல்லி இணையத்தில் ஓட்டினார். 1980இல் ஆண்டர்சனுக்குச் செய்துகொடுத்த சிஎன்என், 2024இல் வாசலை மறித்து நின்றது.

அவர் அரசியல் எனக்குத் துளியும் பிடிக்காது, தடுப்பூசி விஷயத்தில் அவர் பேசுவது அபத்தம். அதைப் பெரிய மேடையில் நாலு பேர் எதிரில் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

குறுக்குக்கேள்வி

அந்த இடத்துல கொஞ்சம் இறங்கி வரேன். முதல் விவாதத்துக்கு 5 இல்லன்னா 8 வைக்கலாம், அடுத்ததுக்கு 15 வைக்கலாம். முதல் மேடையில சொதப்பினா தானா கழண்டுக்குவாங்க. இதுக்கு மேல இறங்க மாட்டேன்.

ஆனா ஒரு சந்தேகம். இந்தக் கணிப்புல எல்லாம் மூணாவது ஆள் பேரைக் கேக்குறாங்களா?

கணக்கு_வாத்தியார்

அங்கேதான் கிடக்கிறது சூட்சுமம். சில கணிப்புகளில் எல்லாப் பெயரும் வாசிப்பார்கள். 2016இல் ஆணையம் எடுத்துக்கொண்ட ஐந்திலும் ஜான்சன், ஸ்டைன் பெயர்கள் இருந்தன. ஜான்சன் சராசரி 8.4, ஸ்டைன் 3.2. ஆனால் இரண்டு பேரை மட்டும் வைத்துக் கேட்கும் கணிப்புகளும் ஏராளம். எந்தக் கணிப்பைக் கணக்கில் எடுப்பது என்று தீர்மானிப்பவர் கையில் பாதி முடிவு இருக்கிறது.

மலர்_எடிசன்

பையன்கிட்ட நாற்காலி விலங்கு கதையைச் சொன்னேன். நம்பாம தேடிப் படிச்சுட்டு வந்தான்.

வாத்தியார் கணிப்பைப் பத்தி எழுதினதும்தான் ஞாபகம் வருது. போன தேர்தலப்போ ஒரு நாள் ராத்திரி தோசை ஊத்திட்டிருக்கேன், பதிவு பண்ணின குரல்ல சர்வே போன். ஹாரிஸுக்குன்னா 1 அமுக்குங்க, டிரம்ப்புக்குன்னா 2 அமுக்குங்க, வேற யாருக்காவதுன்னா 3 அமுக்குங்க. பையன் பக்கத்துல நின்னு "3 அமுக்கும்மா, யார்னு கேக்குறாங்களான்னு பாப்போம்"னான். அமுக்கினேன். உங்க வயசு என்னன்னு அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு.